கிட் லென்ஸுக்கு அடுத்து எது? 35, 50, டெலி, சூப்பர்ஜூம் – ஒரு ஒப்பீடு

ஒரு சுற்று போய்வந்து படங்களைப் பகிர்ந்துகொள்ளும்போது பேச்சு சீக்கிரமே லென்ஸ் பக்கம் திரும்பிவிடும். "இந்தப் பறவையை எதில் எடுத்தீர்கள்?", "பின்னணி இப்படிக் கரைந்திருக்கிறதே, அபர்ச்சர் எவ்வளவு?" என்று ஆரம்பித்து, கடைசியில் வந்து நிற்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கேமராவோடு வந்த 18-55 (கிட் லென்ஸ்) இருக்கிறது, அடுத்து எதை வாங்கலாம்? பதில் சொல்பவர்கள் அவரவர் பையில் இருப்பதைச் சொல்வார்கள். பறவை எடுப்பவர் 70-300 என்பார், முகம் எடுப்பவர் 50 என்பார், குடும்பத்தோடு சுற்றுபவர் 18-300 போதும், மற்றதெல்லாம் சுமை என்பார். அவரவர் படத்துக்கு அவரவர் பதில் சரி. ஆனால் கேட்டவர் என்ன படம் எடுக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராப் சென்சார் (35 மிமீ ஃபிலிமைவிடச் சிறிய சென்சார்) கேமராவும் 18-55 லென்ஸும் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு அடுத்த லென்ஸ் 35 மிமீ எஃப் 1.8 (மிமீ எண் ஏற ஏறத் தூரத்தில் உள்ளது பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு, அதாவது அபர்ச்சர், பெரிதாகி வெளிச்சம் கூடும்). அதற்கு அடுத்தது 55-250 அல்லது 70-300 மாதிரி, தூரத்தைப் பக்கத்தில் இழுக்கும் ஒரு டெலி. எல்லோரும் முதலில் வாங்கும் 50 மிமீ எஃப் 1.8 என் வரிசையில் மூன்றாவதாகத்தான் வருகிறது. இந்த வரிசை யாருக்குப் பொருந்தாது என்பதையும் போகப்போகச் சொல்கிறேன்.

"லென்ஸ் எதற்கு, கேமராவையே மாற்றிவிடு" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார், அதை முதலில் பார்த்துவிடலாம். கிராப் சென்சாரிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு (ஃபிலிம் அளவு சென்சார்) போனால் சென்சார் பரப்பு சுமார் 2.25 மடங்கு ஆகிறது (கேனன் கிராப் சென்சார் இன்னும் சற்றுச் சிறியது என்பதால் அங்கே 2.6 மடங்கு). வெளிச்சக் கணக்கில் இது ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). இப்போது லென்ஸ் பக்கம் வாருங்கள். 18-55 லென்ஸை 35-ல் வைத்தால் அதிகபட்சத் திறப்பு எஃப் 4.5 வாக்கில் நிற்கும். 35 எஃப் 1.8 அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது, அதாவது இரண்டரை ஸ்டாப்புக்கு மேல். மங்கிய வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாக வருகிறது என்பதுதான் குறை என்றால், இருக்கும் கேமராவில் ஒரு சின்ன ப்ரைம் லென்ஸை (ஜூம் இல்லாதது) மாட்டினால் கிடைக்கும் பலன், கேமரா மாற்றினால் கிடைப்பதைவிட அதிகம். புது ஃபுல் ஃபிரேமில் மறுபடியும் எஃப் 6.3-க்குச் சுருங்கும் ஒரு ஜூமையே மாட்டினால் கிடைத்த ஆதாயத்திலும் ஒரு பகுதி போய்விடும். பறக்கும் பறவையைப் பழைய கேமராவின் ஆட்டோஃபோகஸ் பிடிக்கவே மாட்டேன் என்கிறது என்றால் கேமரா மாற்ற நியாயம் உண்டு. மற்றவர்கள் லென்ஸையே யோசிக்கலாம்.

சரி, எந்த லென்ஸ்? நீங்கள் ஏற்கெனவே எடுத்த படங்களே இதற்குப் பாதி பதில் சொல்லும். ஒவ்வொரு படக்கோப்பிலும் எந்த மிமீ-ல் எடுத்தது, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) எல்லாம் எக்ஸிஃப் தகவலாகப் பதிந்திருக்கிறது. லைட்ரூமில் மெட்டாடேட்டா ஃபில்டர் வழியாகவோ, இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேம், எக்ஸிஃப்டூல் வழியாகவோ அதைப் பிரித்துப் பார்க்கலாம். எடுத்த எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், பிடித்துப்போய் நாலு பேருக்குக் காட்டிய படங்களை மட்டும் பாருங்கள்.

18-55 வைத்திருப்பவர்களின் படங்கள் பெரும்பாலும் இரண்டு முனைகளிலும் குவிந்திருக்கும், 18-ல் ஒரு குவியல், 55-ல் ஒரு குவியல். இங்கேதான் அவசரப்படக் கூடாது. 55-ல் நிறைய இருப்பதைப் பார்த்துவிட்டு "எனக்கு 50 தான் ஒத்துவருகிறது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எடிட்டிங்கில் வெட்டி, பாதிப் படத்தைத் தூக்கியெறிந்திருந்தால் உங்களுக்கு வேண்டியிருந்தது 55 இல்லை, 100-க்கு மேல் ஏதோ ஒன்று. லென்ஸ் அதற்குமேல் போகாததால் 55-ல் நின்றிருக்கிறீர்கள். வெட்டாமல், ஒரு முகமோ தோள்வரை ஒரு ஆளோ பிரேமில் நிறைவாக உட்கார்ந்திருந்தால் மட்டும் 50 உங்களுக்கானது. 18-ல் உள்ள குவியலிலும் இதே சந்தேகம் உண்டு. முன்பக்கம் வெறும் தரையும் மேலே வெறும் வானமுமாக இருக்கிற படங்கள், பக்கத்தில் போகாமல் நின்ற இடத்திலிருந்தே எடுத்தவை. அவற்றை வைத்துக்கொண்டு இன்னும் அகலமான லென்ஸ் தேட வேண்டாம்.

அப்புறம் ஐஎஸ்ஓ. வீட்டுக்குள், அந்தி வேளையில் எடுத்தவை 6400-லும் ஷட்டர் 1/30-லும் வந்திருந்தால் உங்கள் பிரச்சினை வெளிச்சம்தான், தூரம் அல்ல. "லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே" என்றால், அது கை நடுக்கத்தை மட்டுமே சமாளிக்கும். 1/30-ல் சுவர் துல்லியமாக வரும், முன்னால் ஓடும் குழந்தை இழுபட்டுத்தான் வரும். நடப்பவர் நிற்க 1/125 வேண்டும், ஓடும் பிள்ளைக்கு 1/500. முதல் வேகத்தை எஃப் 1.8 தாராளமாகத் தரும், இரண்டாவதை நோக்கிக் கொண்டுபோகும்.

இனி 35-ஆ 50-ஆ என்ற கேள்வி, இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 50 மிமீ-க்கு இருக்கும் பெயர் எல்லாம் ஃபிலிம் காலத்தில் வந்தது. 1925-ல் சந்தைக்கு வந்த லைக்கா கேமராவில் இருந்தது 50 மிமீ லென்ஸ். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி 50-ஐ மாட்டிக்கொண்டுதான் தெருவில் நடந்தார். ஆனால் அவை 24-க்கு 36 மிமீ ஃபிலிமில் எடுத்தவை. நம் கையில் இருக்கும் கிராப் சென்சாரில் அதே 50, நிக்கான், சோனி, ஃபூஜியில் 75 போலவும், கேனனில் 80 போலவும் பார்க்கும். அவர் பார்த்த பரப்பு உங்களுக்கு வேண்டும் என்றால் கிராப் கேமராவில் மாட்ட வேண்டியது 35. அது 52, 56 என்று 50-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இன்னும் சிறிய சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 25. ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், உங்களுக்கு 50 எஃப் 1.8 தான்.

இதை மீட்டரில் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவு. கேமராவை நெட்டையாகப் பிடித்து ஒருவரைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க 50-ல் நாலேகால் மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், 35-ல் மூன்று மீட்டர் போதும். மூன்று மீட்டர் அகலத்துக்கு வரிசையாக நிற்கும் ஒரு கூட்டத்தைப் படுக்கைவாட்டில் எடுக்க 50-க்கு ஆறு மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும், 35-க்கு நாலரை. ஒரு சாதாரண அறையில் ஆறு மீட்டர் ஏது? சுவரில் முதுகு இடிக்கும். தெருவில் அவ்வளவு பின்னால் போனால் நடுவில் நாலு பேர் கடந்துபோவார்கள். 50 வாங்கியவர்களில் பலர் ஆரம்ப உற்சாகம் தீர்ந்ததும் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே போவதற்குக் காரணம் லென்ஸின் தரம் இல்லை, இந்த மீட்டர் கணக்குதான்.

50 வெல்லும் இடமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவரை 50 எஃப் 1.8-ல் எடுத்தால் துல்லியமாக இருக்கும் ஆழம் சுமார் 12 செமீ. அதே தூரத்தில் கிட் லென்ஸின் 55 எஃப் 5.6 தருவது 30 செமீ. முகம் துல்லியமாகவும் பின்னால் இருப்பது மெதுவாகக் கரைந்தும் வரும் அந்தத் தோற்றம் 35-லும் வரும், ஆனால் முகத்தைப் பிரேமில் நிறைக்க மிக நெருங்கிப் போக வேண்டியிருக்கும், அப்போது மூக்கு பெரிதாகும். ஆக உங்கள் படங்களில் பாதிக்கு மேல் முகங்கள்தான் என்றால், என் வரிசையை விட்டுவிட்டு 50 வாங்குங்கள். ஒரு மீட்டருக்கு வந்துவிட்டால் ஆழம் மூன்று செமீ கூட இருக்காது, அதனால் ஃபோகஸ் புள்ளியை நீங்களே கண்ணில் வையுங்கள், கேமராவின் விருப்பத்துக்கு விடாதீர்கள்.

பூ, பூச்சி எடுக்க 50 வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேனனின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் அதிகபட்சம் 0.21 மடங்கு உருப்பெருக்கம் (பொருளின் அளவோடு ஒப்பிட்டால் சென்சாரில் விழும் பிம்பத்தின் அளவு) தருகிறது, நிக்கானின் 50 எஃப் 1.8ஜி 0.15 மடங்கு. ஆனால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் 18-55 இதைவிட நெருங்கும். கேனனின் 18-55 எஃப் 3.5-5.6 எஸ்டிஎம் 0.36 மடங்கும், நிக்கானின் ஏஎஃப்-பி 18-55 0.38 மடங்கும் தரும். 50-ஐ வைத்தே நெருங்க வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் ட்யூப் போடலாம், அதில் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் வளையம்தான். ட்யூப்பின் நீளத்தை லென்ஸின் மிமீ-ஆல் வகுத்தால் எவ்வளவு கூடும் என்று தெரிந்துவிடும்: 50-க்குப் பின்னால் 25 மிமீ ட்யூப் என்றால் அரை மடங்கு கூடும்.

அடுத்து டெலி. எனக்கு இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் இதைப் பறவைக்கான லென்ஸ் என்று மட்டும் நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள், பறவைக்கு வாங்கியவர்களோ ஏமாந்து போகிறார்கள்.

முதலில் பறவை. 15 செமீ நீளமுள்ள ஒரு சின்னப் பறவை பத்து மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. 300 மிமீ-ல் அது சென்சாரில் நாலரை மிமீ அளவுக்கு விழும். படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் 1200 பிக்சல் வாக்கில் பறவை கிடைக்கும், வெட்டினால் பார்க்கும்படி இருக்கும். இருபது மீட்டர் என்றால் 600 பிக்சல். பறவை என்று தெரியும், இறகு தெரியாது. சின்னப் பறவைகள் உங்களைப் பத்து மீட்டருக்குள் விடுவது அபூர்வம் என்பதால், 300-ஐ வைத்துக்கொண்டு பறவைப்படம் எடுக்க லென்ஸைவிடப் பொறுமையும் மறைந்து உட்காரும் பழக்கமும்தான் வேண்டும். கொக்கு, நாரை மாதிரி பெரிய நீர்ப்பறவைகள் என்றால் 300 தாராளம். நிலாவும் அப்படித்தான், 300-ல் சென்சாரில் 2.7 மிமீ விட்டம், படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. பிரேமை நிறைக்கும் நிலாவை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

டெலியின் உண்மையான பலம் நிலக்காட்சியில் இருக்கிறது. கூட்டமாக விடியற்காலையில் ஒரு நீர்நிலைக்குப் போய்வந்து எல்லோர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 18-ல் எடுத்தவை எல்லாம் ஏறக்குறைய ஒரே படம்: கீழே தண்ணீர், மேலே வானம், நடுவில் மெல்லிய கோடாகக் கரை. டெலி வைத்திருந்தவர் அந்தக் கோட்டுக்குள் போயிருப்பார். பனிமூட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும் மரவரிசைகள், தனியாக ஒரு படகு, மலைமடிப்பில் மட்டும் விழுந்த வெயில். தூரத்துப் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கி அடுக்கப்பட்டதுபோல் தெரிவது தள்ளி நின்று பார்ப்பதால் வருவது, அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டுவது டெலியின் வேலை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு படத்திலும் முடிவெடுக்க வைப்பதால் பார்வையைப் பழக்குவதில் இதற்கு நிகராக எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

பின்னணி கரைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலரும் எஃப் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். ஆளைப் பிரேமில் ஒரே அளவாக வைத்து எடுத்தால், வெகு தூரத்துப் பின்னணி எவ்வளவு கரைகிறது என்பது லென்ஸ் திறப்பின் விட்டத்தைப் பொறுத்தது. மிமீ-ஐ எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம். 55 எஃப் 5.6-க்கு 10 மிமீ, 35 எஃப் 1.8-க்கு 19, 50 எஃப் 1.8-க்கு 28. இப்போது 55-250 லென்ஸின் 250 எஃப் 5.6-ஐப் பாருங்கள், 45 மிமீ வருகிறது! பின்னால் போய் நிற்க இடமும் நல்ல வெளிச்சமும் இருந்தால், திறந்த வெளியில் சாதாரண டெலி 50 எஃப் 1.8-ஐவிடப் பின்னணியை அதிகமாகக் கரைக்கும். அறைக்குள் இது நடக்காது.

டெலியின் குறைகள் வெளிச்சமும் நடுக்கமும். எஃப் 6.3-ல் விடியல் வெளிச்சம் போதாது, ஐஎஸ்ஓ ஏறும். ஸ்டெபிலைசர் இல்லாமல் கையில் பிடித்து எடுக்க, கிராப் கணக்கையும் சேர்த்து 300-க்கு 1/450-க்குக் குறையாமல் வைப்பது பழைய வழக்கம். வெயில் ஏறிய பிறகு தூரத்துப் படங்கள் மழுங்கலாக வந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள், சூடான தரைக்கு மேல் காற்று அலைவதுதான் காரணம். எந்த லென்ஸ் போட்டாலும் அது போகாது, காலையில் போக வேண்டும்.

சூப்பர்ஜூம்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டாம்ரானின் 18-300 (2021-ல் வந்தது) 620 கிராம். ஒரு கிட் லென்ஸ், ஒரு 35, ஒரு டெலி மூன்றையும் கூட்டினால் அதைவிட எடை கூடும். கேனனின் 55-250 எஸ்டிஎம் மட்டும் 375 கிராம், நிக்கானின் டிஎக்ஸ் 35 எஃப் 1.8 இன்னொரு 200. புழுதியிலும் தூறலிலும் லென்ஸ் கழற்ற வேண்டாம். கூட வருபவர்கள் உங்களுக்காக நிற்க மாட்டார்கள் என்ற சூழ்நிலையில், 18-ல் ஒரு படமும் அடுத்த விநாடி 300-ல் ஒரு படமும் எடுக்க முடிகிற லென்ஸ் வேறில்லை. ஆனால் நீண்ட முனையில் துல்லியம் குறையும், அருகில் உள்ளதை ஃபோகஸ் செய்யும்போது 300 என்று எழுதியிருப்பது 300 ஆக இருக்காது, முக்கியமாக வெளிச்சப் பிரச்சினையை இது துளியும் தீர்ப்பதில்லை. படம் எடுப்பதற்காகவே வெளியே போகிறவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன், பயணத்துக்கு நடுவே படம் எடுக்கிறவருக்குச் சொல்வேன்.

35-க்கு உண்மையான போட்டி என்றால் அது எஃப் 2.8 ஜூம்தான். மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத) கேமராக்களுக்கான சிக்மா 18-50 எஃப் 2.8, 300 கிராமைத் தாண்டாது, கிட் லென்ஸின் இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும், 50-ல் கிட் லென்ஸைவிட நாலு மடங்கு வெளிச்சம். ஆனால் அது ஒரு ப்ரைமைவிடப் பெரிய செலவு. விழா, மேடை, வீட்டு நிகழ்ச்சி என்று நகரவே முடியாத இடங்களில் நின்று எடுப்பவர் என்றால் இதற்குக் காத்திருந்து வாங்கலாம்.

ஹீலியோஸ் 44 மாதிரி பழைய மேனுவல் லென்ஸ்களில் ஆசை உள்ளவர்கள் மிரர்லெஸ் வைத்திருந்தால் மட்டும் இறங்குங்கள். எம்42 என்ற திருகு மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) கொண்ட அந்த லென்ஸ்கள் சென்சாரிலிருந்து 45.46 மிமீ தள்ளி உட்கார வேண்டும். சோனி இ-மவுண்டில் 18 மிமீதான் என்பதால் நடுவில் அடாப்டருக்கு இடம் இருக்கிறது. நிக்கான் எஃப் மவுண்டிலோ 46.5, அதனால் கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டால் தூரத்தில் உள்ளது ஃபோகஸ் ஆகாது.

வாங்கும் முன் பொருத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, தனக்குள்ளும் மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி வகைப் பழைய 50 மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். ஏஎஃப்-பி 70-300 புது லென்ஸ், ஆனால் டி90 போன்ற பழைய கேமராக்களில் ஃபோகஸே ஆகாது.

35-ஆ 50-ஆ என்று இன்னும் தடுமாறினால், அடுத்த முறை வெளியே போகும்போது கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35-ல் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள், நாள் முழுக்கத் தொடாதீர்கள். அதற்கடுத்த முறை 50-ல். எந்த நாளில் பின்னால் போக இடமில்லாமல் படங்களை விட்டீர்கள், எந்த நாளில் நெருங்கிப் போகத் தயங்கி விட்டீர்கள் என்று பாருங்கள்.

35-ம் டெலியும் இரண்டுமே வாங்கத்தான் போகிறேன், எதை முதலில் என்பவர்களுக்கு: உங்கள் படங்கள் பெரும்பாலும் மாலைக்கு மேலும் கூரைக்குக் கீழும் எடுத்தவை என்றால் 35. விடுமுறை நாள் காலையில் கேமராவோடு வெளியே நடப்பதுதான் வழக்கம் என்றால் டெலியை முன்னால் வாங்குங்கள், அந்த வெயிலில் 18-55 லென்ஸை எஃப் 8-ல் வைத்தாலே 35-ன் வேலையைச் செய்துவிடும்.